கரங்களால் கற்பித்தவர்கள்: காது கேளாதோர் கல்வி வரலாறு திருச்சபைமுன் வைக்கும் வினா

திருச்சபையின் தொண்டு வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஒரே முறையைப் பின்பற்றுகின்றனர். இரக்கமுள்ள ஒருவர் துன்புறும் மக்களைக் காண்கிறார், அவர்களுக்கெனப் பள்ளியோ இல்லமோ ஒன்றை நிறுவுகிறார், மாணவர்கள் வந்து சேர்கின்றனர், பணி வளர்கிறது. நிறுவியவரின் பெயர் கல்லில் பொறிக்கப்படுகிறது. மாணவரின் பெயர் பள்ளிப் பதிவேட்டோடு நின்றுவிடுகிறது. மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய வரலாறு ஏறத்தாழ முழுவதும் இவ்வாறே எழுதப்பட்டுள்ளது. இவ்வரலாற்றில் கொடுப்பவர் ஒருபுறமும் பெறுபவர் மறுபுறமுமாக நிற்கின்றனர்.

காது கேளாதோர் கல்வியின் வரலாற்றை ஆழ்ந்து நோக்குவோமாயின் இச்சித்திரம் நிலைகுலைகிறது. புகழ்பெற்ற ஆசிரியர் ஒவ்வொருவரின் பின்னாலும் அவருக்குக் கற்பித்த காது கேளாத ஒருவர் நிற்பதைக் காண்கிறோம். காது கேளாதோர் ஒருவருக்கொருவர் ஆசிரியராக இருந்த காலங்களில் அவர்களுடைய கல்வியும் சமூக வாழ்வும் திருச்சபை வாழ்வும் தழைத்தன. ஆசிரியப் பீடத்திலிருந்து அவர்கள் அகற்றப்பட்டபோது அவை நலிந்தன. இவ்வுண்மையைச் சில நிகழ்ச்சிகளின் வாயிலாக எடுத்துக்காட்டி, அது ஊழியத்தைக் குறித்த நம் எண்ணத்தை எவ்வாறு சோதிக்கிறது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கேள்வியும் விசுவாசமும்

ரோமர் நிருபத்தின் 10ஆம் அதிகாரத்தில் பவுல் விசுவாசத்தையும் கேள்வியையும் பிணைத்துப் பேசுகிறார். நற்செய்தி அறிவிக்கப்பட்டும் இஸ்ரவேலர் அதனை ஏற்கவில்லையே என்னும் துயரம் அப்பகுதியில் ஒலிக்கிறது. செவிப்புலனைப் பற்றிய கோட்பாடு எதையும் அவர் அங்கு வகுக்கவில்லை. ஆயினும் 5ஆம் நூற்றாண்டில் யூலியானுக்கு எதிராக எழுதிய நூலில் அகுஸ்தீன் இவ்வசனத்தைச் சுட்டிக்காட்டி, பிறவியிலேயே காது கேளாமை விசுவாசத்திற்குத் தடையாகிறது என்னும் பொருள்பட எழுதினார். நூலின் வாதம் ஆதிபாவத்தைப் பற்றியது. எனினும் இவ்வொரு குறிப்பு பின்வந்த நூற்றாண்டுகளில் தனித்து எடுத்தாளப்பட்டு, காது கேளாதோர் மறைபோதனைக்கு அப்பாற்பட்டோர் என்னும் எண்ணத்திற்கு அரணாயிற்று.

அதே அகுஸ்தீன் ஏறத்தாழ 389ஆம் ஆண்டில் தம் மகன் அதேயோதாத்துசுடன் உரையாடும் முறையில் ஆசிரியரைப் பற்றி ஒரு சிறு நூலை இயற்றியிருந்தார். காது கேளாதோர் சைகைகளால் வினவுவதையும், விடையளிப்பதையும், கற்பிப்பதையும் நீ கண்டதில்லையா என்னும் கருத்தில் அந்நூலில் அவர் மகனைக் கேட்கிறார். காது கேளாதவர் கற்பிக்கிறார் என்பதை அவர் கண்ணாரக் கண்டிருந்தார். ஆனால் கண்டறிந்த உண்மை ஒரு நூலில் தங்கிவிட, வாதத்திற்காக எழுதப்பட்ட குறிப்பே திருச்சபையின் நினைவில் நின்றது. கோட்பாடு வாழ்வை மறைத்த நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

வேதாகமமோ சைகையைத் தாழ்வாகக் கருதவில்லை. லூக்கா முதல் அதிகாரத்தில் உறவினர் சகரியாவிடம் சைகையினாலேயே பிள்ளையின் பெயரைக் கேட்கின்றனர். அவர் எழுத்துப்பலகையின் மூலம் விடையளிக்கிறார். மாற்கு 7ஆம் அதிகாரத்தில், காது கேளாத மனிதனை இயேசு கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துச் சென்று, முதலில் அவன் காதுகளையும் நாவையும் தொடுகிறார். வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். வாய்மொழி பிறப்பதற்கு முன்னரே, அம்மனிதன் கண்ணால் காணக்கூடிய, உடலால் உணரக்கூடிய செயல்களால் ஆண்டவர் அவனோடு உறவாடுகிறார். குணமாக்குதலை மட்டும் பன்முறை பிரசங்கித்த நாம், அதற்கு முன் நிகழ்ந்த இவ்வுரையாடலைப் போதிய அளவு எண்ணிப் பார்த்தோமா என்பது கேள்விக்குரியது.

2. பாரிசு நகரத்துப் புத்தகம் கட்டுபவர்

காது கேளாதோர் கல்வியின் தந்தை எனப் போற்றப்படுபவர் பிரெஞ்சு நாட்டுக் கத்தோலிக்கக் குரு ஷார்ல் மிஷேல் தெ லெப்பே (1712–1789). யான்சேனியக் கொள்கைச் சார்பினால் திருச்சபை அதிகாரிகளின் ஐயத்திற்கு ஆளான இவர், ஏறத்தாழ 1760இல் பாரிசு நகரத்தில் காது கேளாத சகோதரியர் இருவரைச் சந்தித்தார். அவர்களுக்குப் படங்களைக் கொண்டு கற்பித்துவந்த குரு ஒருவர் காலமாகிவிட்டமையால், மறைபோதனையின்றி அப்பெண்கள் மடிவர் என்னும் கவலை லெப்பேயை ஆட்கொண்டது. அக்கவலையிலிருந்து அவருடைய பள்ளி பிறந்தது. ஏழைகளுக்கும் அதன் கதவு திறந்திருந்தது, கட்டணம் பெறப்படவில்லை, கற்பிக்கும் முறையை அவர் மறைத்தும் வைக்கவில்லை. இவையெல்லாம் போற்றற்குரியன.

எனினும் லெப்பே சைகை மொழியைக் கண்டுபிடித்தார் என்னும் செய்தி உண்மையன்று. இதனை அக்காலத்திலேயே மறுத்துரைத்தவர் பியேர் தெலோஜ் என்னும் காது கேளாத தொழிலாளி. ஏழாம் வயதில் அம்மை நோயினால் செவிப்புலனை இழந்த இவர், பாரிசு நகரத்தில் புத்தகங்களைக் கட்டியும் தாள் ஒட்டியும் பிழைத்துவந்தார். 1779இல் இவர் வெளியிட்ட சிறு நூலே காது கேளாதவர் ஒருவர் எழுதி அச்சேறிய முதல் நூலாகக் கருதப்படுகிறது. சைகைகள் கல்விக்கு உதவா என்று எழுதிய குரு ஒருவருக்கு மறுப்பாக அது எழுந்தது. லெப்பேக்கு முன்னரே பாரிசு நகரத்துக் காது கேளாதோர் தமக்குள் எல்லாப் பொருளையும் பற்றிச் சைகையால் உரையாடிவந்தனர் என்றும், லெப்பே அம்மொழியை அவர்களிடமிருந்தே கற்றுச் சீர்ப்படுத்தினார் என்றும் தெலோஜ் எடுத்துரைத்தார்.

தமக்குச் சைகை மொழியைக் கற்பித்தவரைப் பற்றியும் தெலோஜ் குறிப்பிடுகிறார். 27 வயது வரை காது கேளாத பிறருடன் பழகும் வாய்ப்பற்றுத் தனித்திருந்த அவருக்கு அம்மொழியைக் கற்பித்தவர், ஒரு நாடக நடிகரின் வீட்டில் ஊழியம் செய்துவந்த இத்தாலிய நாட்டுக் காது கேளாத மனிதர். அவருக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. நூல் எழுதிய ஒருவருக்கு எழுத்தறியாத பணியாள் ஆசானாக அமைந்தார். எழுத்தறிவே கல்வி என்றெண்ணும் நமக்கு இது வியப்பளிக்கலாம். ஆனால் தெலோஜ் அவரிடமிருந்து பெற்றது எழுத்தினும் முற்பட்டது: மனிதரோடு மனிதராகக் கூடிப் பேசும் பேறு.

3. கப்பலில் நடந்த பள்ளி

லெப்பே மறைந்தபின், 1791இல் பிரெஞ்சுத் தேசிய சட்டமன்றம் அவருடைய பள்ளியை அரசு நிறுவனமாக்கியது. அவருக்குப்பின் தலைமையேற்ற சிகார் என்னும் குருவுடன் ழான் மாசியூ (1772–1846) என்னும் காது கேளாத ஆசிரியரும் பணியாற்றினார். மாசியூ போர்தோ நகருக்கு அண்மையில் பிறந்தவர். அவருடன் பிறந்தோர் ஐவரும் காது கேளாதவர். இளமையில் ஆடு மேய்த்த அவர், பள்ளிக்குச் செல்ல விரும்பியும் பதின்மூன்று வயது கடக்கும் வரை அவருக்கு அது கிட்டவில்லை. பின்னர் சிகாரின் மாணவராகி, அவருக்கே துணையாசிரியரானார். 1792இல் புரட்சியின் கொந்தளிப்பில் சிகார் சிறையிடப்பட்டபோது, அவரை விடுவிக்க வேண்டிச் சட்டமன்றத்தின் முன் விண்ணப்பத்துடன் சென்றவர் மாசியூவே. மாணவர் ஆசிரியருக்காகப் பரிந்து நின்றார்.

மாசியூவிடம் கற்றவர் லோரான் கிளேர் (1785–1869). குழந்தைப் பருவத்தில் நெருப்பில் விழுந்தமையால் அவர் கன்னத்தில் தழும்பு இருந்தது. இரு விரல்களால் கன்னத்தைத் தடவும் சைகையே அவருடைய பெயராயிற்று. பள்ளியில் அவருக்கு உச்சரிப்பு கற்பிக்க முயன்ற குரு ஒருவர், ஒலி சரியாக எழாமையால் சினந்து அவர் தாடையில் அடித்ததாகவும், அன்றே அவர் இனி வாய்ப்பேச்சு கற்பதில்லை என்று உறுதிகொண்டதாகவும் சொல்லப்படுகிறது. ஆனால் காது கேளாத மாசியூவின் வகுப்பில் அவருடைய அறிவு மலர்ந்தது. பின்னர் அப்பள்ளியிலேயே உயர்வகுப்புகளுக்கு ஆசிரியரானார்.

1815இல் அமெரிக்காவின் ஹார்ட்போர்டு நகரிலிருந்து தாமஸ் ஹாப்கின்ஸ் கல்லடெட் என்னும் இளைஞர் ஐரோப்பாவுக்கு வந்தார். ஆண்டோவர் இறையியற் கல்லூரியில் அண்மையில் பட்டம் பெற்றிருந்த அவரை, காது கேளாத சிறுமி ஆலிஸ் காக்ஸ்வெல்லின் தந்தையும் நண்பர்களும் அனுப்பியிருந்தனர். பிரிட்டனில் இக்கல்வியைத் தம் குடும்ப உடைமையாகப் பேணிவந்த பிரெய்டுவுட் குடும்பத்தினர், முறையை இரகசியமாகக் காக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளை விதித்தமையால் அங்கு அவர் முயற்சி பலிக்கவில்லை. அச்சமயம் இலண்டனில் சிகார் தம் இரு காது கேளாத ஆசிரியர்களுடன் செயல்விளக்கம் அளித்துக்கொண்டிருந்தார். அங்கு ஏற்பட்ட அறிமுகத்தால் கல்லடெட் 1816இல் பாரிசு சென்று சில மாதங்கள் கற்றார். தாயகம் திரும்புகையில் கிளேரைத் தம்முடன் வருமாறு அழைத்தார்.

1816 ஜூன் 18 அன்று இருவரும் கப்பலேறினர். பயணம் 52 நாட்கள் நீடித்தது. அந்நாட்களில் கல்லடெட் கிளேருக்கு ஆங்கிலம் கற்பித்தார்; கிளேர் கல்லடெட்டுக்குச் சைகை மொழியைக் கற்பித்தார். குருத்துவப் பயிற்சி பெற்ற புரொட்டஸ்டாண்டு ஒருவரும் காது கேளாத கத்தோலிக்கர் ஒருவரும் அக்கப்பலில் ஒரே வேளையில் ஒருவருக்கொருவர் ஆசிரியரும் மாணவருமாயினர். ஊழியத்தைக் குறித்த இறையியல் நூல் பலவும் சொல்லத் தவறியதை இப்பயணம் சொல்கிறது என்போமாயின் மிகையாகாது.

1817 ஏப்ரல் 15இல் ஹார்ட்போர்டு பள்ளி ஏழு மாணவருடன் திறக்கப்பட்டது. ஓவியராக ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த ஜான் புரூஸ்டர் என்னும் காது கேளாதவர் தம் 51ஆம் வயதில் அவ்வாண்டே அங்கு மாணவராகச் சேர்ந்தார். கிளேர் 1858 வரை அப்பள்ளியில் கற்பித்தார். பிற பள்ளிகளுக்குத் தலைமையேற்கச் சென்ற காது கேட்கும் ஆசிரியர் பலரும் அவரிடம் பயின்றவரே.

அப்பள்ளிக்கு வந்த மாணவரும் வெறுங்கையராக வரவில்லை. மாசசூசெட்ஸ் கடற்கரையை அடுத்த மார்த்தாஸ் வின்யார்டு தீவில் மரபுவழியாகக் காது கேளாதோர் பலர் வாழ்ந்துவந்தனர். 19ஆம் நூற்றாண்டில் அத்தீவின் சில்மார்க் ஊரில் 25 பேரில் ஒருவர் காது கேளாதவராக இருந்தார் என்று நோரா எலன் குரோஸ் 1985இல் வெளியிட்ட ஆய்வில் குறிப்பிடுகிறார். அங்குக் காது கேட்போரும் சிறுவயதிலேயே சைகை மொழி கற்றிருந்தமையால், வீட்டிலும் ஊர்க்கூட்டத்திலும் ஆலயத்திலும் காது கேளாமை ஒருவரைப் பிறரிடமிருந்து பிரிக்கும் மதிலாக இருக்கவில்லை. அத்தீவின் பிள்ளைகள் ஹார்ட்போர்டுக்குக் கொண்டுவந்த சைகைகளும், பிற ஊர்ப் பிள்ளைகளின் சைகைகளும், கிளேர் கொணர்ந்த பிரெஞ்சுச் சைகைகளும் கலந்தே இன்றைய அமெரிக்கச் சைகை மொழி உருவாயிற்று. பலர் தம்மிடமிருந்ததைக் கொணர்ந்து பொதுவில் வைத்த மொழி அது.

4. மிலான் மாநாடு

1870ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் காது கேளாதோர் பள்ளிகளின் ஆசிரியரில் 100க்கு 40க்கும் மேற்பட்டோர் தாமே காது கேளாதவராக இருந்தனர். இந்நிலை பின்னர் ஏன் மாறியது?

1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வியைப் பற்றிய அனைத்துலக மாநாடு கூடியது. வந்திருந்த 164 பேராளரில் பெரும்பாலோர் இத்தாலியரும் பிரெஞ்சுக்காரருமே. காது கேளாதவராக அறியப்படுபவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் டெனிசன் ஒருவரே. சைகையைவிட வாய்ப்பேச்சு உயர்ந்தது என்பதில் ஐயமில்லை என்றும், கல்வியில் வாய்ப்பேச்சு முறையையே கைக்கொள்ள வேண்டும் என்றும் மாநாடு தீர்மானித்தது. கல்லடெட்டின் புதல்வர் இருவர் உட்பட மிகச் சிலரே எதிர்த்து வாக்களித்தனர்.

மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஜூலியோ தாரா ஒரு குருவானவர் என்பது நம் கவனத்திற்குரியது. சைகை கற்பனையையும் உணர்ச்சியையும் தூண்டும். வாய்மொழியே ஆன்மாவை உயர்த்தும் என்னும் போக்கில் அவர் வாதிட்டார். கடவுள் மனிதனுக்குள் ஊதிய சுவாசமும் வாயினின்று எழும் குரலும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. படைப்பைப் பற்றிய வேத போதனை இவ்வாறு ஒரு மக்கள் கூட்டத்தின் மொழியை அவர்களிடமிருந்து பறிப்பதற்குக் கருவியாயிற்று. தாராவும் அவரைச் சார்ந்தோரும் கொடியவர் அல்லர். தாம் கற்பித்த பிள்ளைகள்மேல் அன்பு கொண்டவர்களே. ஆனால் யாரைப் பற்றி முடிவு செய்தனரோ அவர்களைக் கலந்து கொள்ளாத அன்பு அது.

இதன் விளைவை முதலில் அனுபவித்தவர் காது கேளாத ஆசிரியர்கள். வாய்ப்பேச்சைக் கற்பிக்க இயலாதவர் எனக் கருதப்பட்ட அவர்கள் ஐரோப்பியப் பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்டனர். அமெரிக்காவிலும், 1870இல் 100க்கு 40க்கு மேலிருந்த அவர்களின் பங்கு, முதல் உலகப்போர்க் காலத்தில் 15 அளவுக்கு வீழ்ந்தது. சைகை செய்த பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். கைகளைக் கட்டிவைத்த பள்ளிகளும் இருந்தன.

இம்மாற்றத்தின் பின்னால் ஓர் அச்சமும் மறைந்திருந்தது. தொலைபேசியை உருவாக்கிய அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் தாயும் மனைவியும் காது கேளாதவர்கள். அவர் 1883இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின்முன் படித்த கட்டுரையில், காது கேளாதோர் தமக்குள் மணந்துகொள்வதால் காது கேளாத மனிதவகை ஒன்று தோன்றிவிடும் என எச்சரித்தார். தங்கிப்பயிலும் பள்ளிகளும், சைகை மொழியும், காது கேளாத ஆசிரியர்களும் அவர்களை ஒன்றுசேர்க்கின்றன என்பதே அவர் கண்ட குறை. அவர்கள் ஒருவரையொருவர் சேர்ந்து ஒரு சமூகமாவதே அவருடைய அச்சத்திற்குக் காரணமாயிற்று. தனித்தனியே உதவி பெறுவோராக இருக்கும் வரை இரங்கும் உலகம், அவர்கள் கூடி நின்று தம்மவருக்குத் தாமே கற்பிக்கத் தொடங்கும்போது கலங்குகிறது. இது காது கேளாதோர் வரலாற்றில் மட்டும் காணும் உண்மையன்று என்பதை ஒடுக்கப்பட்டோரிடையே ஊழியம் செய்வோர் நன்கறிவர்.

5. இரவில் கற்ற மொழி

மிலானின் தீர்மானம் சைகை மொழியை வகுப்பறையிலிருந்து அகற்றியது; விடுதி அறையிலிருந்து அகற்ற அதனால் இயலவில்லை. காது கேளாத பிள்ளைகளில் 100க்கு 90 பேருக்கும் மேலானோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். எனவே ஏனைய மொழிகளைப் போன்று இம்மொழி தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவது அரிது. பிள்ளையிடமிருந்து பிள்ளைக்கும், மூத்த மாணவரிடமிருந்து இளையவருக்குமே அது வந்தடைகிறது. காது கேளாத பெற்றோரின் பிள்ளைகள் விடுதியில் தம் தோழருக்கு ஆசிரியராயினர். பகலில் தடைசெய்யப்பட்டதை இரவில் கற்றனர்.

பிள்ளைகள் தாமே ஒருவருக்கொருவர் மொழியைக் கற்பிக்கும் இவ்வாற்றல் எவ்வளவு பெரிது என்பதை நிகராகுவா நாடு காட்டியது. அங்கு 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் மனாகுவா நகரப் பள்ளிகளில் காது கேளாத பிள்ளைகள் பெருந்தொகையாக முதன்முறை ஒன்றுகூடினர். ஆசிரியர்கள் உதட்டசைவையும் ஸ்பானிய மொழியையுமே கற்பிக்க முயன்றனர். பிள்ளைகளோ விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் தத்தம் வீட்டுச் சைகைகளைப் பகிர்ந்துகொண்டு புதுமொழி ஒன்றை உருவாக்கினர். அடுத்தடுத்து வந்த இளம்பிள்ளைகள் அதன் இலக்கணத்தைச் செம்மைப்படுத்தினர். 1986 முதல் அதனை ஆராய்ந்த மொழியியலார், ஒரு மொழி பிறப்பதைக் கண்ணெதிரே கண்டனர்.

வகுப்பறை மூடப்பட்ட காலத்தில் காது கேளாதோருக்கு மன்றங்களும் ஆலயங்களும் புகலிடமாயின. பாரிசு நகரத்தில் பெர்டினான் பெர்த்தியே என்னும் காது கேளாத ஆசிரியரும் அவர் நண்பர்களும் 1834இல் லெப்பேயின் பிறந்தநாள் விருந்தைத் தொடங்கினர். சைகை மொழியே அங்கு ஆட்சி செய்தது. நியூயார்க்கில் கல்லடெட்டின் மூத்த புதல்வரான அருள்திரு தாமஸ் கல்லடெட் 1852இல் காது கேளாதோருக்கென ஒரு சபையை நிறுவினார். அவருடைய ஊழியத்தால் ஊக்கம் பெற்ற ஹென்றி விண்டர் சைல் என்னும் காது கேளாதவர், அமெரிக்க எபிஸ்கோப்பல் திருச்சபையில் 1876இல் உதவிக்குருவாகவும் 1883இல் குருவாகவும் அபிஷேகம் பெற்றார். குரலால் வழிபாட்டை நடத்த இயலாதவர் குருவாகலாமா என்னும் ஆட்சேபம் அன்று எழாமலில்லை. மிலானில் குரலின் உயர்வு பறைசாற்றப்பட்ட அதே பத்தாண்டில், கரங்களால் நற்கருணையை நடத்தும் குருவானவர் ஒருவர் பிலதெல்பியாவில் பணியாற்றினார். 1880இலேயே, மிலானுக்குச் சில நாட்களுக்கு முன், காது கேளாத அமெரிக்கர் சின்சினாட்டி நகரில் கூடித் தங்கள் தேசியச் சங்கத்தை அமைத்தனர்.

சைகை மொழி முழுமையான இலக்கணமுடைய மொழியே என்பதை வில்லியம் ஸ்டோக்கி 1960இல் வெளியிட்ட ஆய்வு நிறுவியது. 1965இல் வெளிவந்த அகராதியை அவருடன் சேர்ந்து தொகுத்த டாரதி காஸ்டர்லைன், கார்ல் குரோன்பெர்க் இருவரும் காது கேளாதவர். இங்கும் அறிஞரின் பெயருக்குப் பின்னால் அவருக்குக் கற்பித்தோர் நிற்கின்றனர்.

6. அக்ராவில் ஒரு மாலைப் பள்ளி

அருட்பணி வரலாற்றில் சிறப்பிடம் பெற வேண்டிய ஒருவர் ஆண்ட்ரூ பாஸ்டர் (1925–1987). அலபாமா மாநிலத்தில் பிறந்த இக்கறுப்பர், 11ஆம் வயதில் மூளையுறை அழற்சியினால் செவிப்புலனை இழந்தார். நிறத்தின்படி பிரிக்கப்பட்டிருந்த காது கேளாதோர் பள்ளியில் பயின்றார். பல மறுப்புகளுக்குப் பின் கல்லடெட் கல்லூரியில் இடம்பெற்று, 1954இல் அதன் முதல் கறுப்பினப் பட்டதாரியானார். 1956இல் ஆப்பிரிக்கக் காது கேளாதோருக்கென அருட்பணி இயக்கம் ஒன்றை நிறுவினார்.

1957இல், கானா விடுதலை பெற்ற அதே ஆண்டில், பாஸ்டர் அக்ராவுக்கு வந்தார். பிரஸ்பிட்டேரியப் பள்ளிக் கட்டடம் ஒன்றில், பகல் வகுப்புகள் முடிந்தபின் காது கேளாதோரைக் கூட்டிக் கற்பிக்கத் தொடங்கினார். பிள்ளைகளும் வந்தனர்; பெரியவர்களும் வந்தனர். தம்மைப் போன்ற காது கேளாத ஒருவர், தம் நிறத்தவர், பட்டம் பெற்று, நூல் கற்று, தம்முன் நின்று கற்பிப்பதை அவர்கள் கண்டனர். அவர் கைகள் சொல்லிய பாடத்திற்கு முன்பே அவருடைய இருப்பு ஒரு பாடமாயிற்று. பின்னர் நைஜீரியாவின் இபதானில் ஆண்டுதோறும் பல நாடுகளின் காது கேளாத இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்து, அவர்களை ஆசிரியராகவும் நற்செய்திப் பணியாளராகவும் அனுப்பினார். முப்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் 13 ஆப்பிரிக்க நாடுகளில் அவர் முயற்சியால் தோன்றின. 1987 டிசம்பர் 3இல் ருவாண்டாவில் நிகழ்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார்.

பாஸ்டரின் பணியையும் நாம் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும். அவர் கற்பித்தது அமெரிக்கச் சைகை மொழியைத் தழுவியது. கானாவிலேயே அடமரோபே என்னும் சிற்றூரில் தலைமுறைகளாகக் காது கேளாதோர் வாழ்ந்துவந்தனர். அவ்வூர் மக்கள் தமக்கென ஒரு சைகை மொழியை வளர்த்திருந்தனர். பள்ளிகளின் வழியே பரவிய மொழி இன்று அவ்வூர் மொழியின் இடத்தைக் கவர்ந்துவருகிறது. மிலானின் தீர்மானத்தோடு இதனை ஒப்பிடுவது நேர்மையன்று; பாஸ்டர் எவர் கையையும் கட்டவில்லை. ஆனால் ஒடுக்கப்பட்டவர் ஆசிரியராகும்போதும், தாம் செல்லும் இடத்தில் ஏற்கெனவே ஆசிரியர் உள்ளனரா என்று கேட்கும் கடமை அவருக்கும் உண்டு. கற்பிப்பவர் கற்பவராக இருப்பதை நிறுத்தும் இடத்தில் நல்ல ஊழியமும் குறைபடுகிறது.

7. நமக்குரிய வினா

1988 மார்ச்சில், 124 ஆண்டுகளாகக் காது கேளாத தலைவர் ஒருவரையும் கண்டிராத கல்லடெட் பல்கலைக்கழகத்துக்கு மீண்டும் காது கேட்கும் ஒருவர் தலைவராக அறிவிக்கப்பட்டபோது மாணவர் வாயில்களை அடைத்துப் போராடினர். ஒரு வாரத்தில் கிங் ஜார்டன் முதல் காது கேளாத தலைவரானார். 2010இல் வான்கூவரில் கூடிய அனைத்துலகக் கல்வி மாநாடு மிலான் தீர்மானங்களைக் கைவிட்டு வருத்தம் தெரிவித்தது. அதற்கு 130 ஆண்டுகள் தேவைப்பட்டன. 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, சைகை மொழி கற்க வழிசெய்யவும் மாற்றுத்திறனாளிகளையே ஆசிரியராக அமர்த்தவும் அரசுகளைப் பணிக்கிறது. 2007இல் இந்தியா அதனை உறுதிசெய்தது. 2020இல் வேதாகமம் முழுவதும் முதன்முறையாக ஒரு சைகை மொழியில், அமெரிக்கச் சைகை மொழியில், நிறைவுற்றது. காது கேளாத மொழிபெயர்ப்பாளர்கள் அதில் முன்னின்றனர்.

தமிழ்நாட்டுத் திருச்சபை இவ்வரலாற்றுக்கு அந்நியமானதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் பிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் பாளையங்கோட்டையில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி நம் நாட்டின் தொன்மையான பள்ளிகளுள் ஒன்று. அம்மையாரின் பெயரை நாம் நன்றியோடு நினைவுகூருகிறோம்; அது தகும். அதனோடு, அப்பள்ளியிலும் அதுபோன்ற பிற இல்லங்களிலும் புதிதாக வந்த பிள்ளையின் கையைப் பிடித்து முதற் சைகையைக் கற்பித்த மூத்த பிள்ளைகள் யார் என்றும் நம் சபை வரலாறு எழுதுவோர் கேட்க வேண்டும். விடுதிகளில் வாழ்ந்து முதுமையடைந்தோரின் சாட்சியத்தை அவர்கள் மொழியிலேயே பதிவு செய்வது இறையியல் மாணவர் மேற்கொள்ளத்தக்க ஆய்வு. அதைச் செய்வதற்கு அவர்கள் முதலில் அம்மொழியைக் கற்க வேண்டியிருக்கும். கிளேரின் கப்பலில் அவர்களும் ஏற வேண்டியிருக்கும்.

ஆயர்களாகிய நம்மிடம் இவ்வரலாறு கேட்பது எளிய ஒன்று. நம் சபைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கென ஆண்டில் ஒரு ஞாயிறு ஒதுக்கப்படுகிறது, அன்று அவர்கள் முன்வரிசையில் அமர்த்தப்படுகின்றனர், பரிசுப்பொருள் வழங்கப்படுகிறது, நாம் பிரசங்கிக்கிறோம். அன்று பிரசங்கிப்பவர் அவர்களுள் ஒருவராக இருந்தால் என்ன? திருமண ஆயத்த வகுப்பையும் திடப்படுத்தல் வகுப்பையும் காது கேளாத இளைஞருக்குக் காது கேளாத மூப்பர் ஒருவரே நடத்தினால் என்ன? குருத்துவப் பயிற்சிக்கு வருவோரின் தகுதியை நிர்ணயிக்கும் குழுக்களில் அவர்களுக்கு இடமுண்டா? மிலானில் குறைவுபட்டது இரக்கமன்று; பேராளர் பட்டியலில் பெயர்களே குறைவுபட்டன. நம் மறைமாவட்டக் குழுக்களின் பட்டியல்களை எடுத்துப் பார்த்தால், நாம் மிலானுக்கு எவ்வளவு அண்மையில் இருக்கிறோம் என்பது விளங்கும்.

1 கொரிந்தியர் 12இல் பவுல், கண் கையை நோக்கி நீ எனக்கு வேண்டுவதில்லை எனச் சொல்ல இயலாது என்று எழுதும்போது ஓர் உவமையைக் கையாள்கிறார். சைகையால் வழிபடும் சபையிலோ அது உவமையன்று. அங்குக் கை பேசுகிறது; கண் கேட்கிறது; ஒருவர் கை மற்றவர் கண்ணின்றிப் பயனற்றது. பலவீனமாகக் காணப்படும் உறுப்புகளே மிகவும் தேவையானவை என்று அப்போஸ்தலன் தொடர்ந்து கூறுவதை நாம் இதுவரை அவற்றைப் பராமரிக்கும் கடமையாகவே பொருள்கொண்டோம். அவ்வுறுப்புகள் உடல் முழுவதற்கும் கற்பிக்க வல்லவை என்னும் பொருளும் அதில் அடங்கியிருக்கிறது. அதனை ஏற்பதற்கு, கற்பிக்கும் பீடத்தில் நெடுங்காலம் அமர்ந்திருந்த நாம் சிறிது நேரம் எழுந்து மாணவர் வரிசையில் அமர வேண்டும்.